மூவாயிரத்து இருநூறு வட்டங்கள்

மசுமி அக்கா போனை வைத்த பிறகும் அதற்கு ஒருமுறை குனிந்து வணங்கினாள். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, பட்டியலில் அந்தப் பெயருக்கு நேராக ஒரு வட்டம் போட்டாள். அழகான வட்டம். முப்பது வருடம் கடற்கரை விடுதியில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றவள். அவள் கையால் எது செய்தாலும் ஓரம் பிசிறாமல் வரும்.

"என்ன சொன்னார்?" என்றேன்.

"இந்தக் குளிர்ல இப்படிப் பாடுபடுறீங்களே, ஒடம்பைப் பாத்துக்குங்கன்னார். எவ்வளவு நல்ல மனுஷன், தம்பி."

"ஓட்டுப் போடறேன்னாரா?"

"அதை யாராவது வாயைத் தொறந்து சொல்லுவாங்களா? நல்லாவா இருக்கும்?"

"அப்ப வட்டம் எதுக்கு?"

"குரல்ல தெரியும்ல" என்றாள், நான்தான் ஏதோ பண்பில்லாத கேள்வி கேட்டுவிட்ட மாதிரி.

எங்கள் தேர்தல் அலுவலகம் முன்பு மூக்குக்கண்ணாடிக் கடையாக இருந்தது. கடைக்காரர் மூடிவிட்டுப் போனபோது சுவரில் பதித்த நிலைக்கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டு போகவில்லை. அதனால் உள்ளே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால் இருபத்து நாலு பேராகத் தெரிவோம். கட்சி ஆதரவாளர்களை எண்ணும் முறையும் ஏறக்குறைய இதேதான்.

போன் பட்டியலுக்கு நாலு குறி உண்டு. இரட்டை வட்டம் என்றால் தானும் போட்டு வீட்டாரையும் இழுத்துக்கொண்டு வருவார். ஒற்றை வட்டம் என்றால் போடுவார். முக்கோணம் ஊசலாட்டம். பெருக்கல் குறி எதிராளியின் ஆள். இதில் பெருக்கல் குறிக்கு எங்கள் அசேகாவா ஊரில் வேலையே இல்லை. நாலு நாளில் ஐயாயிரம் வீடுகளுக்கு மேல் பேசியதில் பதினோரு பெருக்கல்தான் விழுந்திருந்தது. அந்தப் பதினொன்றில் ஒருவர் போன மாதமே காலமாகிவிட்டவர். இந்த ஊரில் ஒரு மனிதனிடமிருந்து 'முடியாது' என்ற பதில் வர வேண்டுமானால் அவன் செத்திருக்க வேண்டும்.

இடைத்தேர்தல் வந்ததும் ஒரு சாவினால்தான். மாகாண சபையில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்த உசுகி ஐயா டிசம்பரில் குளியல் தொட்டியில் போய்விட்டார். ஆளுங்கட்சி அவருடைய மகனை நிறுத்தியது. மகனுக்கு ஊரில் எத்தனை பாலம் என்று தெரியாது, ஆனால் துக்கத்துக்குக் கட்டிய கறுப்பு டை பொருத்தமாக இருந்தது. தாயார் தினமும் நாற்சந்தியில் நின்று போகிற வருகிற வண்டிக்கெல்லாம் குனிந்துகொண்டிருந்தார். அழுகிற விதவைக்கு எதிராகப் பிரசாரம் செய்வது எப்படி என்று எங்கள் கட்சியின் கையேட்டில் பக்கமே இல்லை. எங்கள் கட்சி இந்தத் தொகுதியில் ஜெயித்ததே கிடையாது. கடைசி இரண்டு முறை ஆள் கிடைக்காமல் நிற்கவே இல்லை.

இந்த முறை ஆள் கிடைத்ததற்குக் காரணம் நான். அதைத்தான் நினைத்து நினைத்து எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

நான் பிறந்தது ஒசாகாவில், பீங்கான் மொத்தக் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு சந்தில். என் தாலாட்டே பேரம்தான். கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்து, உணவுக்கடைகளுக்குக் கிண்ணமும் தட்டும் விற்று முப்பத்தைந்து வருடம் ஆகிறது. கிண்ணம் விற்ற வாயால்தான் குவஹரா தொமோயேவிடம் தேர்தலையும் விற்றேன். அவளுக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தொரு வருடம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறைகளில் நின்று, கடைசியில் மதிய உணவுக்கூடத்தின் தலைவியாக ஆனவள். அந்தக் கூடத்தை மூடிவிட்டு, நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கும் பெரிய நகரத்திலிருந்து லாரியில் சோறு கொண்டுவரப் போவதாக மாகாணத்தில் திட்டம் போட்டார்கள். "ஆறிப்போன சோத்தைப் புள்ளைங்க தின்னாது, அண்ணே" என்று என் கடையில் நின்று அவள் புலம்பியபோது, "புலம்பி என்ன ஆகப்போவுது, நீயே நில்லு" என்றேன். அரசு வேலையில் இருப்பவர் வேட்புமனு கொடுத்தால் அன்றைக்கே வேலை போய்விடும். ஓய்வுக்கு மூன்று வருடம் மீதி இருந்தது. அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வந்து, "ஜெயிக்கிற மாதிரி இருந்தா நிக்கறேன், பொம்மையா நிக்க மாட்டேன்" என்றாள். இருக்கிறது என்றேன். விற்பனைக்காரன் வேறென்ன சொல்வான்?

திங்கட்கிழமை மாலை வட்டங்கள் மூவாயிரத்து இருநூறைத் தொட்டன. எட்டாயிரம் பேர் வாக்களிப்பார்கள் என்று வைத்தால், நாலாயிரத்துச் சொச்சம் கிடைத்தால் ஜெயம்; பிரசாரத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மசுமி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்சியின் நகரத் தலைவர் இமபோரி, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் தன் கையால் தேநீர் ஊற்றினார். நிலைக்கண்ணாடிகளில் எழுபது எண்பது பேர் மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

எனக்கு மட்டும் சந்தேகம் அரித்தது. கடையில் ஒருவர் நுழைந்து, "அடடா, என்ன அழகான கிண்ணம், என்ன வண்ணம்" என்றால் நான் எழுந்திருப்பதே இல்லை. அவர் மழைக்கு ஒதுங்கியவர். அந்த மாதிரி மூவாயிரத்து இருநூறு பேர் ஒரே நேரத்தில் என் கடைக்குள் நுழைந்த உணர்வு.

செவ்வாய்க்கிழமை காலையில் பட்டியலிலிருந்து இருபது வட்டங்களைப் பொறுக்கி எடுத்து என் கடை போனிலிருந்து கூப்பிட்டேன். ஓட்டு என்ற சொல்லையே எடுக்கவில்லை. அவர்களுக்குக் கொஞ்சம் சிரமம் தரக்கூடிய ஒன்றைக் கேட்டேன்: குவஹரா அம்மாவின் போஸ்டர் ஒன்றை உங்கள் வேலியில் ஒட்டிக்கொள்ளலாமா? வேலிக்கு இப்போதுதான் வண்ணம் பூசினோம் என்றார்கள் ஆறு பேர். பிப்ரவரி மாதத்தில், கடற்காற்றில், வண்ணம். மாமியாருக்குப் பிடிக்காது என்றார்கள் நாலு பேர். அதில் ஒருவருடைய மாமியாரின் காரியத்துக்கு நானே போயிருக்கிறேன். வேலியே இல்லை என்றார் மர வேலி போடும் தச்சர். மற்றவர்கள் அந்தச் சமயம் பார்த்து அடுப்பில் எதையோ வைத்திருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும், "தாராளமா ஒட்டுங்க, பெரிசாவே ஒட்டுங்க" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. "உசுகி ஐயா மகனுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்" என்று முடித்தார்.

நேராக இமபோரியிடம் போனேன். மறுநாள் காலைக்குள் மேலிடத்துக்கு எண்ணிக்கை அனுப்பியாக வேண்டும். அதை வைத்துத்தான் கடைசி நாளான சனிக்கிழமை கட்சித் தலைவர் எந்த ஊருக்குப் போவது என்று முடிவாகும்.

"தலைவரே, இது வட்டமே இல்ல. முக்காவாசி முக்கோணம். மீதி என்னன்னு சொன்னா உங்களுக்கு ரத்தக் கொதிப்பு."

"யோவ், நீ வியாபாரிதானே? கடைக்கு வர்றவன்கிட்ட எடுத்த எடுப்புலயே நெஜ வெலையைச் சொல்லுவியா?"

"மாட்டேன். ஆனா அவனும் பேரம் பேசுவான். மேலிடம் பேரமே பேசாது, சொன்ன வெலைக்கு அப்படியே எடுத்துட்டுப் போயிடும்."

"எடுத்துட்டுப் போகட்டும்கறேன். மூவாயிரத்து எறநூறுன்னா தலைவர் இங்க வருவார். எண்ணூறுன்னா பக்கத்துத் தொகுதிக்குப் போயிடுவார். அவர் வரலன்னா நமக்கு எண்ணூறும் கெடைக்காது."

"எண்ணூறுன்னு யார் சொன்னா?"

இமபோரி தேநீர்க் குவளைக்குள் பார்த்தார். "நானும் இருபது பேருக்குப் போன் பண்ணேன்" என்றார் மெதுவாக. "நாப்பது வருஷமா டிக்கெட் பரிசோதிச்சவன்யா நானு."

படிவத்தில் அலுவலகப் பொறுப்பாளரின் முத்திரை வேண்டும். பொறுப்பாளர் நான், வேறு யாருக்கும் பகலில் ஓய்வில்லை என்பதால் கிடைத்த பதவி. குத்தினேன். அதுவும் சிவப்பாக, அதுவும் வட்டமாக விழுந்தது.

அன்று சாயங்காலம் பிரசார வண்டி திரும்பி வந்தது. தொமோயே இறங்கும்போது குரல் பாதி போயிருந்தது. வண்டிக்குள்ளிருந்து வெள்ளைக் கையுறை போட்ட கையை ஆட்டி ஆட்டித் தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. கட்சி கொடுத்த பச்சை மேல்சட்டை அவளுக்கு ஓர் அளவு பெரிது. அவள் தேநீர் கேட்கவில்லை, நாற்காலியும் கேட்கவில்லை.

"நெஜத்தைச் சொல்லுங்கண்ணே. எத்தனை?"

"மூவாயிரத்து எறநூறு."

நான் கடைமுகத்தோடு சொன்னேன். ஓரத்தில் விரிசல் விட்ட கிண்ணத்தை விரிசல் தெரியாத பக்கமாகத் திருப்பி வைக்கும் முகம் அது. முப்பத்தைந்து வருடத்தில் அந்த முகம் என்னை ஒரு நாளும் கைவிட்டதில்லை. அவள் மூச்சை விட்டு, சுவரில் சாய்ந்து, "அப்ப வேலையை விட்டது வீண் போகல" என்றாள். கண்ணாடிகளில் மூன்று தொமோயேக்கள் நிம்மதியாகக் கண்ணை மூடினார்கள். அவள் முகம் தெரியாத ஒரு பக்கமாகப் பார்க்க நான் இடம் தேடினேன்.

சனிக்கிழமை கட்சித் தலைவர் வந்தார். பதினொரு மணி ரயிலில் இறங்கி, பன்னிரண்டரை ரயிலில் ஏற வேண்டியவர். ரயில் நிலையச் சதுக்கத்தில் அறுநூறு பேர் நின்றார்கள். இந்த ஊரில் எங்கள் கட்சிக்கு அறுபது பேர் சேர்ந்து நான் பார்த்ததில்லை. வண்டியின் கூரை மேல் தலைவரும் தொமோயேவும். பச்சைக் கொடிகள். கைதட்டல் சரியான இடங்களில் விழுந்தது, ரொம்பச் சரியான இடங்களில். இமபோரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, பாத்தியா" என்றார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. சூதாட்டக் கூடத்துக்குப் பின்னால் நின்ற பன்னிரண்டு பஸ்களை ஏற்பாடு செய்தவரே அவர்தான் என்பதை அந்த நிமிடம் அவர் மறந்திருந்தார். மூன்று மாவட்டங்களின் கட்சிக் கிளைகள் தத்தம் ஆட்களை அனுப்பியிருந்தன. நல்ல ஆட்கள், விடியற்காலையில் எழுந்து சோற்று உருண்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள். யாருக்கும் இங்கே ஓட்டு இல்லை.

தொமோயே பேசி முடித்தாள். தலைவர் மைக்கை வாங்கினார். அவர் நாட்டின் நிலையைச் சொல்லத் தொடங்கியதும் அவள் பின்பக்க ஏணி வழியாக இறங்கி வந்தாள். ஏணியின் கீழே நான் நின்றுகொண்டிருந்தேன்.

"என் சோத்தைத் தின்ன மூஞ்சி ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

"தூரம், சரியாத் தெரிஞ்சிருக்காது."

"அண்ணே. எந்தப் பய கேரட்டைப் பால் டப்பாவுக்குள்ள ஒளிச்சான்னு தட்டைப் பாத்தே சொல்லுவேன் நான். இன்னிக்கு அவனுக்கெல்லாம் நாப்பது வயசு. ஒருத்தன் இல்ல."

கடைமுகம் இந்த முறை வரவில்லை. தேடிப் பார்த்தேன், வரவில்லை. "பஸ்ல வந்தவங்க" என்றேன். "வட்டமும் பொய். எனக்குத் தெரியும்."

"எப்பலேருந்து?"

"செவ்வாய்க்கெழமைலேருந்து."

"செவ்வாய்க்கெழமை ஒங்ககிட்ட கேட்டேன்."

"கேட்ட."

அவள் என்னை அடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கோபம் வந்த மாதிரிகூடத் தெரியவில்லை. குழம்பில் உப்புப் போடாததை எல்லாருக்கும் பரிமாறிய பிறகு கண்டுபிடித்தவள் போல நின்றாள். பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைவீதிக்குள் நடந்தாள். தலைவர் பேசி முடித்ததும் வேட்பாளரின் கையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும், அதைப் படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். நான் பின்னால் ஓடினேன்.

"தொமோயே, இருபது நிமிஷத்துல மேல ஏறணும்."

அவள் நடையைக் குறைக்கவில்லை. கடைவீதியில் பாதிக் கடைகளின் இரும்புக் கதவு வருடக்கணக்காக இறங்கியே கிடக்கிறது. மீதிக் கடைகளிலிருந்து ஆட்கள் வாசலுக்கு வந்து குனிந்தார்கள். தேயிலைக் கடை அம்மாள், "பாடுபடுறீங்க, ஒடம்பைப் பாத்துக்குங்க" என்றாள். தொமோயே குனிந்தாள். நாலடி தள்ளி வந்ததும் ஒரு விரலால் காற்றில் வட்டம் போட்டாள். செருப்புக் கடைக்காரர், "உங்களை மாதிரி ஆளுங்கதான் வேணும்" என்றார். இன்னொரு வட்டம். பல் மருத்துவர் உள்ளேயிருந்தபடியே முகமூடியைக் கழற்றிச் சிரித்தார். "இவருக்கு ரெட்டை வட்டம் போட்டுக்குங்க அண்ணே. வீட்டுல நாலு பேரு" என்றாள் என்னைத் திரும்பிப் பார்க்காமல். சதுக்கத்திலிருந்து தலைவரின் குரல் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிர்காலம் என்ற சொல் மூடிய இரும்புக் கதவுகளில் பட்டு இரண்டு முறை கேட்டது.

மீன்கடை வாசலில் நெகொரோ ரப்பர்க் குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். தகப்பனிடமிருந்து கடையை எடுத்து நடத்துகிறவன், ஐம்பது வயது. அவன் குனியவில்லை.

"என்ன சமையலம்மா. ஓட்டு வேணுமாக்கும்?"

"வேணும்."

"எம் பையன் ஆறு வருஷம் ஒன் சோத்தைத் தின்னான். அந்த ஆறு வருஷத்துல எங்கிட்டேருந்து ஒரு மீன் வாங்கியிருப்பியா? ஒரு மீன்? எந்தக் கடல்லயோ புடிச்சு, கட்டை மாதிரி ஐஸ்ல வந்ததை வாங்கிப் பொரிச்சுப் போட்ட. இப்ப போஸ்டர்ல போட்டிருக்க, நம்மூர்ச் சோறு நம்மூர்லேயேன்னு. அது எந்த ஊரும்மா?"

இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது: தங்கள் மேலான கருத்தை மனத்தில் கொள்கிறேன். தொமோயே அதைச் சொல்ல வாயைத் திறந்ததைப் பார்த்தேன். மூடிக்கொண்டாள். கையுறைகளைக் கழற்றி மேல்சட்டைப் பைக்குள் திணித்தாள்.

"ஒரு தடவை வாங்கினேன். ஒங்கப்பா இருந்தப்ப. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு, முள்ளை எடுத்துட்டுக் குடுங்கன்னேன். முள்ளோட அனுப்பினார். கேட்டா, மீன்னா முள்ளு இருக்கும், பழகட்டுங்கறார். ரெண்டு புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது அவர் இல்ல, நானு."

"அது எங்கப்பா. அவர் வீட்டுலயும் அப்படித்தான். நான் எடுத்துக் குடுத்திருப்பேன்."

"நீ எடுத்துக் குடுப்பேன்னு எங்கிட்ட எப்ப வந்து சொன்ன?"

"நீ எப்ப வந்து கேட்ட?"

"நானூறு பேருக்குக் காலைல ஏழு மணிக்கு வேணும். நீ கடையைத் தொறக்கறதே ஒம்பதுக்கு."

"கேட்டிருந்தா அஞ்சுக்குத் தொறந்திருப்பேன். ஏன், கடல்லேருந்து நான் திரும்பறதே அஞ்சுக்குத்தான். கேக்காம இருந்துட்டு இப்ப பச்சைச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கற."

"சட்டை என்னுது இல்ல" என்றாள் தொமோயே. "எனக்கும் புடிக்கல."

தேயிலைக் கடை அம்மாள் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன அதே வாய். "நம்மூர் ஆஸ்பத்திரில பிரசவ வார்டை மூடும்போது உங்க கட்சி எங்க போயிருந்துச்சு? என் மருமக பாலத்து மேல கார்லயே பெத்தா, தெரியுமா? அப்ப ஒருத்தரும் மைக் புடிச்சுக்கிட்டு வரலியே." செருப்புக் கடைக்காரரும் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். நடையிலேயே தெரிந்தது, அவருக்கும் ஏதோ குறை இருக்கிறது, பல வருடமாக ஊறிய குறை.

என் அப்பா கடையில் ஒரு வழக்கம் உண்டு. கிண்ணத்தைக் கையில் எடுத்து, விளிம்பைச் சுண்டி, கோணல் என்று சொல்லி, அடியில் கரும்புள்ளி இருக்கிறது, போன முறை எடுத்தது ஒரே மாதத்தில் உடைந்தது என்று ஒருவர் சத்தம் போட ஆரம்பித்தால், அப்பா உடனே உள்ளே திரும்பி அவருக்கு நாற்காலி கொண்டுவரச் சொல்வார். அந்த மனிதர் வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. கிண்ணத்தைப் பொத்தென்று வைத்துவிட்டுப் போவதும் உண்டு. ஆனால் நாற்காலி போட வேண்டிய ஆள் அவர்தான். இந்த ஒன்பது நாளில் நான் ஒரு நாற்காலிகூட எடுத்துப் போடவில்லை என்பது அந்த மீன்கடை வாசலில்தான் உறைத்தது. அதுவும் வாக்குப் பதிவுக்கு இருபது மணி நேரம் இருக்கும்போது. என்னை நானே எதால் அடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சதுக்கத்தில் கைதட்டல் அடங்கியது. ஒலிபெருக்கியில் இமபோரியின் குரல் கேட்டது. "வேட்பாளர் குவஹரா தொமோயே அவர்கள் மேடைக்கு வரவும்." கொஞ்சம் பொறுத்து, "தொமோயே, எங்க இருந்தாலும் வா, ரயிலுக்கு நேரமாச்சு."

"போகணும்" என்றேன்.

"போங்க" என்றாள் என்னிடம். பிறகு நெகொரோவிடம், "நாளைக்கு ஓட்டுப் போட வருவியா, மாட்டியா?"

"நாளைக்குக் கடை லீவு. ராத்திரியே படகுல போறேன். திரும்பறதுக்குத் திங்கக்கெழமை ஆவும்."

"முன்னாடியே போடலாம். நகராட்சி ரெண்டாம் மாடி. இன்னிக்கு எட்டு மணி வரைக்கும் இருக்கு."

"போட்டா ஒனக்குத்தான் போடுவேன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல" என்றாள் தொமோயே. "இப்ப புதுசா யாராவது சொன்னாலும் நம்பறதா இல்ல."

நெகொரோ முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். குழாயைக் கீழே போட்டுவிட்டு, ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு ஓர் அயிலை மீனை வாலைப் பிடித்துத் தூக்கினான். செவுளை விரலால் பிளந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். "இதைச் சொல்லு. இந்தச் சிவப்பு ஒன் ஐஸ் கட்டையில இருந்துச்சா?"

அவள் பச்சைச் சட்டையின் நீளக் கைகளை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். தேயிலைக் கடை அம்மாளும் எட்டிப் பார்த்தாள். "நேத்து மீனு" என்றாள் தொமோயே. "யாரைப் பாத்து நேத்து மீனுங்கற" என்று அவன் கத்தினான். ஒலிபெருக்கி மூன்றாம் முறை அவள் பெயரைச் சொன்னது. யாரும் நிறுத்தாத குழாயிலிருந்து தண்ணீர் வழிந்து, அவர்களுடைய செருப்புகளைச் சுற்றிக்கொண்டு, நாலைந்து மீன் செதில்களையும் ஏந்தியபடி, கடைவீதிச் சரிவில் சதுக்கத்துப் பக்கமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.